செனட்டர் வீட்டு ஆன்ட்டி

அவரிடம் எதைப் பற்றிக் கேட்டாலும் முதலில் கையைத் துடைத்துக்கொள்வார். கை ஈரமாக இருக்க வேண்டும் என்பதில்லை. சேலைத் தலைப்பில் இரண்டு கையையும் துடைத்துவிட்டு, மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "ரெண்டையும் சொல்லுதேன், கேட்டுக்கோ" என்பார். முதலில் நல்லது வரும். அதன் பின்னாலேயே, மூச்சுவிட இடைவெளி இல்லாமல், கெட்டதும் வரும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாங்கள் நியூ ஜெர்சியின் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் குடியேறியபோது, எந்த அப்பார்ட்மென்ட் நல்லது என்று அவரிடம்தான் கேட்கச் சொன்னார்கள். ஹீட்டிங் வாடகையிலேயே அடக்கம், ஆனால் சுவர் மெல்லிசு, பக்கத்து வீட்டுக்காரன் தும்மினால் நாம் நூறு சொல்ல வேண்டியிருக்கும் என்றார். ஊர்ப் பல் டாக்டர் எப்படி என்று கேட்டால், வலிக்காமல் பார்ப்பார், ஆனால் ஒரு பல்லைக் காட்டப் போனால் பக்கத்துப் பல்லையும் சேர்த்துப் பார்த்துவிட்டுத்தான் விடுவார் என்பார். ஆளுக்கொன்று சமைத்துக் கொண்டுவரும் ஒரு பாட்லக்குக்கு நான் முதன்முதலாகப் புளியோதரை செய்துகொண்டு போனேன். மரியாதைக்கு, எப்படி இருக்கு ஆன்ட்டி என்று கேட்டுத் தொலைத்தேன். மணம் பிரமாதம், எண்ணெய்தான் கூடுதல் என்று பதில் வந்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் என் கணவர் சிரித்துக்கொண்டே வந்தார்.

ஊர்த் தமிழர்களுக்கு அவரிடம் ஒரு பயம் இருந்தது. அவர் எதிரில் யாரும் எதையும் கேட்டுவிட மாட்டார்கள். ஆனால் கார் வாங்கும் முன், வீடு வாங்கும் முன், பிள்ளையை டேகேரில் விடும் முன், சத்தமில்லாமல் அவருக்குத்தான் போன் போகும். இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். கேட்காமல் அவர் யாரைப் பற்றியும் வாய் திறந்ததில்லை. இது எனக்குப் புரிய ரொம்ப நாளாயிற்று.

சொந்த ஊர் பாளையங்கோட்டை. அங்கிளுக்கு மருந்துக் கம்பெனி ஆய்வுக்கூடத்தில் வேலை. மகன்கள் இரண்டு பேரும் படிப்பு முடித்துவிட்டு கலிபோர்னியாவில் பே ஏரியா பக்கம் போய்விட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆன்ட்டிக்கு சர்ச். மதியம் செனட்டர் வீடு.

செனட்டர் என்றால் உயிரோடு இருப்பவர் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நியூ ஜெர்சியிலிருந்து வாஷிங்டனுக்குப் போன ஒரு மனிதர். பெரிய வரலாற்றுப் புத்தகங்களில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. எங்கள் ஆட்கள் அந்தப் பெயரை நெடுஞ்சாலையிலிருந்து இறங்கும் ஒரு எக்ஸிட்டாகத்தான் அறிவார்கள். கால்வாய்க்கரையில் அவர் வாழ்ந்த வெள்ளைப் பலகை வீட்டை ஒரு கமிட்டி காப்பாற்றி மியூசியமாக வைத்திருந்தது. ஆன்ட்டி அந்த வீட்டுக்குள் முதன்முதலில் போனது பாத்ரூமுக்காக. பூசணிக்காய்த் தோட்டத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது வேறு இடம் கிடைக்கவில்லை. உள்ளே விட்ட அமெரிக்கக் கிழவி, வந்தவரை சும்மா அனுப்ப மனமில்லாமல் வீட்டைச் சுற்றிக் காட்டியிருக்கிறாள். ஆன்ட்டி கேட்ட கேள்விகளுக்கு அவளால் பதில் சொல்ல முடியவில்லை. செனட்டருக்குக் கூடப்பிறந்தவர்கள் எத்தனை பேர், மாமனார் வீடு வசதியா, வீட்டில் யார் சமைத்தது, மனைவிக்கும் அவருக்கும் ஒத்துப்போனதா. இவ்வளவு கேட்கிறீர்களே, நீங்களே வந்து வாலன்டியராக இருங்களேன் என்று சொல்லிவிட்டாள் கிழவி. அடுத்த வாரமே போய் நின்றார்.

அதன் பிறகு அந்தச் செனட்டரின் வாழ்க்கையை அவர் சொல்ல நான் பல தடவை கேட்டிருக்கிறேன். காட்டன் புடவை, அதன் மேல் ஸ்வெட்டர், காலில் வெள்ளை ஸ்னீக்கர்ஸ். மாப்பிள்ளை வீட்டைப் பற்றி விசாரித்துவிட்டு வந்தவர் பெண் வீட்டில் உட்கார்ந்து ஒப்பிப்பாரே, அதே தோரணையில்தான் சொல்வார். அப்பா சுங்கச்சாவடியில் காசு வாங்குகிறவர், சொத்து கிடையாது. பையன் கெட்டிக்காரன், சாவடி விளக்கில் படித்தே வக்கீல் ஆனான். ரயில் கம்பெனிக்காரர்கள் விவசாயிகளின் நிலத்தைச் சுருட்டப் பார்த்தபோது விவசாயிகள் பக்கம் நின்று வாதாடினான். அந்த நல்ல பெயரில் மாநில சட்டசபை, பிறகு செனட். அப்போதெல்லாம் செனட்டர்களை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை, சட்டசபைதான் தேர்ந்தெடுக்கும். கட்சிக்குப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். அடிமை முறை மேற்கே பரவக் கூடாது என்று வாஷிங்டனில் அவர் பேசிய பேச்சு கண்ணாடி போட்டு முன்னறையில் மாட்டியிருக்கும். ஆன்ட்டி அதிலிருந்து ஒரு பத்தியைப் பார்க்காமல் சொல்வார்.

அவருக்கு ரொம்பப் பிடித்தது அதற்கு அப்புறம் வருவது. ரயில்பாதைக்கு நிலத்தை வாரிக் கொடுக்கும் ஒரு மசோதா வந்தது. கட்சி முழுக்க ஆதரவு. செனட்டரின் மைத்துனருக்கு அந்தக் கம்பெனியில் பங்கு. இவர் எழுந்து நின்று, கூடாது என்று ஓட்டுப் போட்டார். அத்தோடு கட்சி கைகழுவியது, பதவி போயிற்று. அவரை வாஷிங்டனுக்கு அனுப்பியபோது ஸ்டேஷனில் பேண்டு வாத்தியம் முழங்கிய ஊர், திரும்பி வந்தபோது எட்டிப் பார்க்கவில்லை. மழையில் மனைவி மட்டும் குடையோடு நின்றாள். வீட்டுக்கு வந்தவர் பீச் பழ மரம் நட்டு, கடைசிவரை பழம் விற்றே பிழைத்தார். இந்த இடத்தில் ஆன்ட்டியின் குரல் தழதழக்கும்.

கேட்பவர்கள் உருகி நிற்கும் நேரத்தில்தான் கையைத் துடைத்துக்கொள்வார். பின்பக்கத்து ஒடுக்கமான படிக்கட்டில் எல்லோரையும் கீழே அழைத்துப்போவார். அங்கே சமையலறை. அதில் டினா என்று ஒரு கறுப்பினப் பெண் இருந்தாள். செனட்டரின் மனைவிக்குச் சீதனமாக வந்தவள். அடிமை என்ற சொல்லைச் சட்டத்திலிருந்து எடுத்துவிட்டு, ஆயுள் முழுக்க வேலை பழகுகிறவர் என்று பெயர் மாற்றி வைத்திருந்தது அன்றைய நியூ ஜெர்சி. மேலே செனட்டர் அந்தப் பேச்சை எழுதிக்கொண்டிருந்தபோது, அவருக்குக் காப்பி இந்தப் படிக்கட்டு வழியாகத்தான் போயிற்று. உள்நாட்டுப் போர் முடிந்து எல்லோருக்கும் விடுதலை என்று ஆன பிறகு அவள் கால்வாய்க்கரையோடு நடந்து போனாள். எங்கே போனாள் என்று யாருக்கும் தெரியாது. இது ரகசியம் இல்லை. கமிட்டியில் எல்லோருக்கும் தெரியும். மற்ற வாலன்டியர்கள் படி செங்குத்து, பார்த்து இறங்க வேண்டும் என்று காரணம் சொல்லி முன்னறையோடு முடித்துக்கொள்வார்கள்.

இதையெல்லாம் வேடிக்கையாக ரசித்துக்கொண்டிருந்த நான், என் தம்பி விஷயத்தில் அவரோடு முறைத்துக்கொண்டேன்.

தம்பி அமெரிக்கா வந்த முதல் வருடம் எங்களோடுதான் இருந்தான். ஒரு சனிக்கிழமை ஆன்ட்டி இட்லிப் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க வந்திருந்த நேரத்தில், பேசிக்கொண்டிருந்தவன் அப்படியே தரையில் சரிந்தான். கை கால் வெட்டி இழுத்தது. என் கணவர் சாவிக்கொத்தைத் தேடி ஓடினார். கையில் இரும்பைக் கொடுத்தால் நின்றுவிடும் என்றுதானே நமக்குத் தெரியும். ஆன்ட்டி அவர் கையைத் தட்டிவிட்டார். தம்பியை ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்கடியில் என் துண்டை மடித்து வைத்து, அது அடங்கும்வரை முதுகில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். அப்புறம் தன் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். மாத்திரை ஆரம்பித்தார்கள். மறுபடி வரவேயில்லை. பிறகு டெக்ஸாஸில் வேலை கிடைத்து இர்விங் போய்விட்டான்.

அவனுக்குச் சேலம் பக்கத்திலிருந்து ஒரு வரன் வந்தது. ஜாதகம் பொருந்தி, கல்யாண மண்டபம் பற்றிப் பேசும் அளவுக்குப் போய்விட்டது. பெண் வீட்டார் வழக்கம்போல அமெரிக்காவில் பையனைத் தெரிந்தவர்கள் யார் என்று தேடியிருக்கிறார்கள். யார் யார் மூலமாகவோ சுற்றி ஆன்ட்டியின் நம்பர் கிடைத்திருக்கிறது. பையன் குணம் எப்படி, குடி உண்டா, உடம்புக்கு ஏதும் உண்டா என்று கேட்டார்கள். சொல்லிவிட்டார். அந்த வாரமே, பெண் மேலே படிக்க ஆசைப்படுகிறாள் என்று பதில் வந்துவிட்டது. அம்மா போனில் அழுதாள்.

நான் நேரே அவர் வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை.

"தெரியாதுன்னு சொல்லியிருக்கலாமே ஆன்ட்டி. யாரு உங்கள வந்து செக் பண்ணப் போறாங்க?"

"தெரியுமேம்மா" என்றார்.

அந்தப் பதிலில் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. அவர் என் கையைப் பிடிக்கப் பார்த்தார். நான் விடவில்லை.

"உன் தம்பியப் பத்தி அவ்வளவு நல்லது சொன்னேன். அவன மாதிரி பொறுமையான பையன நான் பாத்ததில்லன்னேன். இத மட்டும் மறைச்சேன்னா, சொன்ன அத்தனையும் பொய்யாயிரும்லா."

உங்க பையனாக இருந்தால் இப்படிச் சொல்லியிருப்பீர்களா என்று கேட்டேன். சொல்லியிருப்பேன், அழுதுக்கிட்டே சொல்லியிருப்பேன் என்றார். நான் கதவை வேகமாகச் சாத்திவிட்டு வந்தேன். அதன் பிறகு பேச்சு இல்லை. மளிகைக் கடையில் அவர் பருப்பு வரிசையில் நின்றால் நான் அரிசி வரிசைக்குப் போய்விடுவேன். வருடம் ஒன்று ஓடிவிட்டது.

ஆகஸ்டில் செனட்டர் வீட்டில் பீச் நாள் கொண்டாடுவார்கள். அந்த வருடம் அங்கிள் இந்தியா போயிருந்தார், ஆன்ட்டியின் கார் மெக்கானிக்கிடம் கிடந்தது. கொண்டுபோய் விட முடியுமா என்று என் கணவரிடம் கேட்டிருக்கிறார். இவரும் பெரிய மனதாக ஒப்புக்கொண்டுவிட்டு, அன்று காலை ஆபீஸில் ஏதோ கம்ப்யூட்டர் உட்கார்ந்துவிட்டது என்று என் தலையில் கட்டிவிட்டு ஓடிவிட்டார்.

ஆன்ட்டி காரில் ஏறிக்கொண்டார். ரூட் பதினெட்டின் சிக்னல் ஒவ்வொன்றிலும் நான் சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். கால்வாய்ப் பாலம் நெருங்கும்போது அவராகவே பேசினார். செனட்டரின் கொள்ளுப்பேரன் இன்றைக்கு வருகிறாராம். கூரையைப் புதிதாகப் போட்டுத்தரப் போகிறவர் அவர்தான். வந்தால் முன்னறையோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், சமையலறைப் பேச்சே வரக் கூடாது என்று கமிட்டித் தலைவி போன் பண்ணிச் சொல்லிவிட்டாளாம். மீறினால் ஞாயிற்றுக்கிழமைகளில் வர வேண்டாம் என்பதையும் இனிக்க இனிக்கச் சொல்லியிருக்கிறாள்.

என்ன செய்யப் போறீங்க என்று கேட்டேன். உள்ளுக்குள் எனக்கு ஒரு குரூர சந்தோஷம். என் தம்பி வாழ்க்கையில் பேசிய வாய், தன் வயிற்றில் அடி விழும்போது என்ன பேசுகிறது பார்க்கலாம் என்று நினைத்தேன்.

"கேக்கலன்னா சொல்ல மாட்டேன்" என்றார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "இந்த வீடும் இல்லன்னா ஞாயித்துக்கிழமைக்கு நான் எங்கம்மா போவேன்? பசங்க போன் பண்ணதே மூணு வாரம் ஆச்சு."

விட்டுவிட்டுத் திரும்பியிருக்க வேண்டும். நான் போகவில்லை. பீச் வெட்டுகிறவர்களோடு சேர்ந்து நானும் ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு, ஜன்னல் வழியாக உள்ளே தெரியும்படி ஒரு இடம் பார்த்து உட்கார்ந்தேன்.

கொள்ளுப்பேரன் நல்ல உயரமான கிழவர். தொப்பியைக் கையில் பிடித்தபடி வந்தார். ஆன்ட்டி சுங்கச்சாவடியிலிருந்து தொடங்கினார். படிப்பு, வழக்கு, செனட், பேச்சு, ஓட்டு, மழை, குடை. குரல் வழக்கமான இடத்தில் தழதழத்தது. கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பீச் மரத்தோடு கதை முடிந்தது. கமிட்டித் தலைவி நிம்மதியாக மூச்சுவிட்டு, வாருங்கள் ஐஸ்கிரீம் சாப்பிடலாம் என்று வாசல் பக்கம் கையைக் காட்டினாள்.

கிழவர் நகரவில்லை. இத்தனை வருடம் என் கொள்ளுத்தாத்தாவோடு இந்த வீட்டில் இருந்திருக்கிறீர்களே, நீங்கள் சொல்லுங்கள், அவர் நல்ல மனிதர்தானா என்று கேட்டார். உபசாரத்துக்குக் கேட்டதுதான். பாட்லக்கில் நான் புளியோதரையைப் பற்றிக் கேட்டேனே, அந்த மாதிரி.

ஆன்ட்டி முதலில் தலைவியைப் பார்த்தார். பிறகு ஜன்னல் வழியே என்னைப் பார்த்தார். எனக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. சொல்லாதீங்க ஆன்ட்டி, இந்த ஒரு தடவை விட்டுடுங்க என்று மனசு அடித்துக்கொண்டது. காரில் வரும்போது இருந்த குரூரம் இருந்த இடம் தெரியவில்லை. அவருக்குப் போக வேறு இடம் கிடையாது என்பதுதான் கண்முன் நின்றது.

அவர் சேலைத் தலைப்பில் இரண்டு கையையும் துடைத்துக்கொண்டார்.

இரண்டையும் சொல்கிறேன் என்று ஆங்கிலத்தில் சொன்னார். பின்பக்கக் கதவைத் திறந்தார். படி செங்குத்து, பார்த்து இறங்குங்கள் என்று கிழவரின் முழங்கையைப் பிடித்துக் கீழே கூட்டிப்போனார். நானும் கத்தியைப் போட்டுவிட்டுப் பின்னாலேயே ஓடினேன். சமையலறையின் தாழ்ந்த கூரை கிழவரின் தலையை இடித்தது. ஆன்ட்டி டினாவைப் பற்றிச் சொன்னார். அழுத்தியும் சொல்லவில்லை, பூசி மெழுகவும் இல்லை. ஓட்டுப் போட்ட கதையைச் சொன்ன அதே குரல். கிழவர் அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு யாரும் இதைச் சொன்னதில்லை என்றார் கடைசியில். அவர் நல்லவரா என்று கேட்டீர்கள், இரண்டையும் வைத்துக்கொண்டு நீங்கள்தான் பார்க்க வேண்டும் என்றார் ஆன்ட்டி. கிழவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு, ஐஸ்கிரீம் பக்கம் போகாமல் நேரே காருக்குப் போனார்.

தலைவி கத்தவில்லை. அவர்கள் கத்துவதில்லை. உங்கள் இத்தனை வருடச் சேவைக்கு நன்றி என்று சொல்லி, ஒரு பை நிறைய பீச் கொடுத்தாள். அதோடு முடிந்தது.

திரும்பி வரும்போது ஆன்ட்டி மடியில் அந்தப் பையை வைத்துக்கொண்டு அழுதார். சத்தமில்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைப்பதும் போடுவதுமாக இருந்தார். பாதி வழியில் ஒரு பழத்தை எடுத்துக் கடித்தார். எப்படி இருக்கு ஆன்ட்டி என்று கேட்டேன். வருடத்துக்கு மேல் ஆகி, குரூரம் இல்லாமல் அவரை நான் கேட்ட முதல் கேள்வி.

"நல்ல சாறு" என்றார். கொஞ்சம் மென்றுவிட்டு, "கொட்டைகிட்ட புளிக்கி."

கிழவர் கூரை போட்டுத்தந்தாரா என்று எனக்குத் தெரியாது. ஆன்ட்டியும் அந்தப் பக்கம் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் எங்கள் வீட்டுக்கு வந்து, கேட்டால் மட்டும் என் சமையலைப் பற்றிச் சொல்வார். நான் கேட்பதை நிறுத்தவில்லை.

இரண்டாயிரத்து ஒன்றின் தொடக்கத்தில் தம்பிக்குத் திண்டுக்கல் பக்கத்திலிருந்து இன்னொரு வரன். பெண்ணின் அப்பா என்னோடு போனில் பேசினார். தன்மையான மனிதர். தப்பா எடுத்துக்காதீங்க, வெளியாள் யாராவது ஒருத்தர்கிட்ட விசாரிச்சா எங்களுக்கும் ஒரு திருப்தி என்றார். என் கணவர் எதிரில் நின்று, தம்பி ஊருக்குப் பக்கத்தில் பிளானோவில் இருக்கும் தன் நண்பனின் பெயரைச் சைகையில் காட்டிக்கொண்டிருந்தார். அவன் தம்பியை வானத்துக்குத் தூக்கி வைப்பான். நான் திரும்பி நின்றுகொண்டு ஆன்ட்டியின் நம்பரைச் சொன்னேன். போனை வைத்ததும் கணவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

மறுநாள் பெண்ணின் அப்பாவே கூப்பிட்டார். அந்த அம்மா எல்லாம் சொன்னாங்க என்றார். எல்லாம் என்ற சொல்லில் கொஞ்சம் நின்றார்.

"ஒண்ணு கேக்கறேன். அந்தம்மா உங்களுக்கு வேண்டியவங்களா, வேண்டாதவங்களா?"

"வேண்டியவங்கதாங்க" என்றேன். "ரொம்ப வேண்டியவங்க."

வேண்டியவங்களே மறைக்காமச் சொல்லியிருக்காங்க, அப்ப எம் பொண்ணே அவங்ககிட்ட ஒரு வார்த்த பேசட்டுங்க என்றார்.

இரண்டு நாள் நான் எந்த வேலையும் ஓடாமல் கிடந்தேன். மூன்றாம் நாள் ஆன்ட்டி போன் பண்ணினார். இந்தத் தடவை அவராகக் கூப்பிட்டிருந்தாலும், என்னைக் கேட்க வைத்துவிட்டுத்தான் பேசினார்.

"பொண்ணு என்ன சொல்லிச்சு ஆன்ட்டி?"

"அவனுக்கு ஏன் வருது, திரும்ப வருமா, ஒண்ணும் கேக்கல. வந்தா நான் என்ன செய்யணும், அத மட்டும் சொல்லுங்கன்னு கேட்டுச்சு. சாவிய எடுத்துட்டு ஓடாத, ஒருக்களிச்சுப் படுக்க வையி, அடங்குற மட்டும் பக்கத்துலயே இருன்னு சொன்னேன். திருப்பி எங்கிட்டயே ஒப்பிச்சுக் காட்டிச்சு." மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "நல்ல பொண்ணும்மா. ஆனா ரொம்ப வேகமாப் பேசுது. எனக்குப் பாதி வெளங்கல."